ரிஷிகேஷில் யோகாவும் ராஃப்டிங்கும்: எதை முதலில், எதைப் பிறகு

ரிஷிகேஷுக்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “எங்கே தங்கலாம்?” என்பதுதான். அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. எந்த மாதம் போகிறீர்கள், எத்தனை நாளை யோகாவுக்கு ஒதுக்குகிறீர்கள் என்ற இரண்டும் முடிவானால்தான் அறையைப் பற்றிப் பேசவே முடியும். அறையை முதலில் பிடித்துவிட்டு, வகுப்பு எதிர்க்கரையில் நடக்கிறது என்று போன பிறகு தெரிந்துகொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தனியாகவும், நண்பர்களையும் உறவினர்களையும் கூட்டிக்கொண்டும் பலமுறை போய்வந்ததில் எனக்கு ஒரு வரிசை பிடிபட்டிருக்கிறது. யோகா முதலில், மலைநடை நடுவில், காற்றடைத்த படகில் ஆற்று அலைகளில் போகும் ராஃப்டிங் அதற்கப்புறம், கயிறு கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதிக்கும் பஞ்ஜி கடைசியில். ஏன் இப்படி என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் மழைக்காலம். கங்கை பழுப்பு நிறத்தில் பெருகி ஓடும், ராஃப்டிங்கை அரசே நிறுத்திவிடும். செப்டம்பர் கடைசியில் தண்ணீர் வடிந்த பிறகுதான் படகுகள் மறுபடி இறங்கும். அதே மழைக்காலத்தில்தான் சிவனுக்குக் கங்கை நீர் சுமக்கும் காவடி யாத்திரையும் வருகிறது. ஹரித்வாரிலிருந்து நீலகண்ட மகாதேவர் கோயில் வரை காவி உடுத்திய லட்சக்கணக்கான பக்தர்கள் சாலையை நிறைப்பார்கள். யோகா வகுப்பு மட்டும் போதும் என்றாலும் அந்த வாரங்களில் போகாதீர்கள், ஊருக்குள் வண்டி நகராது.

மே, ஜூனில் பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரைக் கூட்டமும் டெல்லியின் கோடை விடுமுறைக் கூட்டமும் ஒரே சாலையில் வந்து சேரும். வெயிலும் 40 டிகிரியைத் தொடும். டிசம்பர், ஜனவரியில் ஊர் அமைதியாக இருக்கும், ஆறும் பச்சையாகத் தெளிந்திருக்கும். ஆனால் தண்ணீர் எலும்பைக் குத்தும் குளிர். விடிகாலை வகுப்பில் தரை சில்லென்று இருக்க, உடம்பு வளைய நேரமெடுக்கும்.

யோகா, ஆறு இரண்டும் வேண்டும் என்றால் அக்டோபர் தொடங்கி நவம்பர் நடுப்பகுதி வரை, அல்லது பிப்ரவரி கடைசி தொடங்கி ஏப்ரல் முதல் வாரம் வரை. மார்ச் முதல் பாதியில் சர்வதேச யோகா விழாக்கள் நடக்கும். விழாவுக்கென்றே போகிறவர்களுக்கு அது நல்ல நேரம். அமைதி தேடுகிறவர்கள் அந்த இரண்டு வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

எந்த மாதமானாலும் சனி, ஞாயிறில் ஊருக்குள் நுழையவோ ஊரைவிட்டுக் கிளம்பவோ வேண்டாம். டெல்லிக்காரர்களுக்கு ரிஷிகேஷ் வார இறுதி ஊர். வெள்ளி இரவு வரும் கூட்டம் ஞாயிறு மாலை திரும்பும்.

2. நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எட்டு நாள் இருந்தால் நன்றாக அமையும். வந்து சேர ஒரு நாள், யோகாவுக்கு நான்கு, மலைநடைக்கு ஒன்று, ராஃப்டிங்குக்கு ஒன்று, பஞ்ஜிக்கோ சும்மா இருக்கவோ ஒன்று. ஐந்து நாள்தான் கிடைக்கும் என்றால் யோகாவை மூன்றாக்கி, மலைநடையையும் பஞ்ஜியையும் விட்டுவிடுங்கள். மூன்றே நாள் என்றால் யோகா, ராஃப்டிங் இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் காலையில் யோகா, மதியம் ராஃப்டிங் என்று ஒரே நாளில் அடுக்குவார்கள். காகிதத்தில் அது நன்றாகத்தான் தெரியும். ஆனால் இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்ட தோளும் மேல்முதுகும் மறுநாள் காலை கையைத் தலைக்கு மேல் தூக்கவே மறுக்கும். மூக்கில் ஏறிய குளிர்ந்த தண்ணீரால் சளி பிடித்தால் பிராணாயாமம் மூன்று நாளைக்கு நடக்காது. வயிறும் ஒரு காரணம். யோகாவுக்கு வெறும் வயிறு வேண்டும், ஆற்றுக்குச் சாப்பிட்ட தெம்பு வேண்டும்.

யோகாவை முதலில் முடித்துவிட்டு ஆற்றுக்குப் போனால் நிலைமை தலைகீழ். இடுப்பு இளகியிருக்கும், மூச்சு கைக்குள் இருக்கும். அலை முகத்தில் அறையும்போது பதறாமல் மூச்சு விடத் தெரிந்திருக்கும்.

3. எந்த வகை யோகா என்று தெளிவாகுங்கள்

நான்கு வகை இருக்கிறது. தினசரிக் கட்டணம் கட்டிப் போய்வரும் ஒற்றை வகுப்பு, ஆசிரமத்திலேயே தங்கி அதன் ஒழுங்குக்குள் வாழ்வது, ஒரு வாரப் பயிற்சி முகாம், ஏறக்குறைய ஒரு மாதம் நடக்கும் 200 மணி நேர ஆசிரியர் பயிற்சி.

பெரிய தவறு நடப்பது கடைசி வகையில்தான். ஒரு நாளும் யோகா செய்யாதவர்கள் “ஒரேயடியாகக் கற்றுக்கொள்ளலாம்” என்று ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்துவிடுகிறார்கள். அது கற்பிக்கப் பழகுவதற்கான பாடத்திட்டம். ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஆசனம், உடற்கூறியல், தத்துவம், கற்பித்தல் பயிற்சி என்று காலை முதல் இரவு வரை ஓடும். பழகாத உடம்பு இரண்டாவது வாரம் தொடைப் பின்தசையிலோ மணிக்கட்டிலோ காயத்தோடு உட்கார்ந்துவிடும். குறைந்தது ஆறு மாதமாவது ஊரில் தொடர்ந்து செய்துவிட்டு அதற்குப் போங்கள்.

சான்றிதழைப் பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பல பள்ளிகள் பலகையில் போட்டிருக்கும் யோகா அலையன்ஸ் என்பது அமெரிக்காவில் இயங்கும் ஒரு தனியார் பதிவமைப்பு. இந்திய அரசின் சான்று வேண்டுமானால் அது ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் யோகா சான்றிதழ் வாரியத்தின் தேர்வு வழியாக வருவது. இரண்டும் வேறு வேறு. எது உங்களுக்குப் பயன்படும் என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒற்றை வகுப்பு அல்லது ஒரு வார முகாம். லட்சுமண் ஜூலா என்ற தொங்குபாலத்தைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர் போல மேலே இருக்கும் பூல்சட்டி ஆசிரமத்தில் ஒரு வார நிகழ்ச்சி நடக்கிறது. பி.கே.எஸ். ஐயங்கார் வகுத்த முறையில், கயிறும் கட்டையும் பெல்ட்டும் வைத்து நுணுக்கமாகக் கற்க விரும்பினால் முனி கி ரேதியில் ஓங்காரானந்த கங்கா சதனின் பதஞ்சல யோக கேந்திரம் உண்டு. அங்கே வருடம் முழுக்க வகுப்பு இருக்காது, தேதியைக் கேட்டுவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.

சிவானந்த ஆசிரமத்தில் தங்க நினைப்பவர்கள் குறைந்தது ஒரு மாதம் முன்னால் எழுதி அனுமதி பெற வேண்டும். பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தர் 1936-இல் தொடங்கிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் தலைமையிடம் அது. சும்மா பையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் இடம் கிடைக்காது. மஞ்சக்குடியில் பிறந்த சுவாமி தயானந்த சரஸ்வதியின் ஆசிரமம் வேதாந்தம் படிக்க வருகிறவர்களுக்கானது. அங்கே ஆசனப் பயிற்சியைப் பிரதானமாக எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

ஒரு விஷயம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஆசனத்தைத் தனியாக ஓர் ஆசிரியரிடம் கற்பது மட்டுமே நோக்கம் என்றால் சென்னையிலேயே 1976 முதல் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் இருக்கிறது. ரிஷிகேஷ் தருவது வேறு. நாள் முழுக்க அதற்கென்றே இருப்பது, காலையில் ஆற்றுச் சத்தத்தோடு எழுவது, வேறு எந்த வேலையும் குறுக்கே வராதது. அது வேண்டும் என்பவர்கள் போங்கள்.

4. எந்தக் கரை, எந்தப் பகுதி

பேருந்து நிலையமும் பழைய ரயில் நிலையமும் கடைவீதியும் திரிவேணி படித்துறையும் இருக்கும் பகுதிதான் ரிஷிகேஷ் நகரம். பயணிகள் மனதில் வைத்திருக்கும் ரிஷிகேஷ் அங்கிருந்து ஆற்றோரமாக மூன்று முதல் ஐந்து கிலோமீட்டர் மேலே இருக்கிறது. நகரத்தில் அறை போட்டால் தினமும் போக்குவரத்திலேயே நேரம் போய்விடும்.

மேற்குக் கரையில் முனி கி ரேதி, அதற்கு மேலே தபோவன். கிழக்குக் கரையில் சுவர்க்காசிரமம், அதற்கு மேலே லட்சுமண் ஜூலா பகுதி. தபோவனில் யோகா பள்ளிகளும் ராஃப்டிங் அலுவலகங்களும் சிறு உணவகங்களும் அடுத்தடுத்து இருக்கும், இரவு பத்து மணிக்கும் வண்டி ஹாரன் கேட்கும். சுவர்க்காசிரமத்தில் பர்மார்த் நிகேதன் போன்ற பெரிய ஆசிரமங்கள், படித்துறை, நடக்கிற சந்துகள். பத்ரிநாத் சாலை மேற்குக் கரையில் போவதால் அந்தச் சத்தம் இங்கே வராது.

என் தேர்வு: யோகா நாட்களுக்குக் கிழக்குக் கரை, ஆற்று நாட்களுக்குத் தபோவன். நடுவில் ஒருமுறை அறை மாற்றுவது தொல்லையாகத் தோன்றும். ஆனால் ராஃப்டிங் ஜீப்புகள் எல்லாம் மேற்குக் கரையிலிருந்துதான் கிளம்புகின்றன. தவிர, ஆசிரமங்களில் இரவு ஒன்பது, பத்து மணிக்குள் வாசலை மூடிவிடுவார்கள். நனைந்த துணியோடு நேரம் கழித்து வருகிறவர்களை யாருக்கும் பிடிக்காது.

பாலங்களைக் கவனியுங்கள். ராம் ஜூலா, 2020-இல் திறந்த ஜானகி சேது இரண்டும்தான் நான் நம்பிப் பயன்படுத்தியவை. லட்சுமண் ஜூலாவை 2019-இல் பாதுகாப்பற்றது என்று அறிவித்தார்கள். பக்கத்தில் பஜ்ரங் சேது என்ற புதுப் பாலத்தைக் கட்டத் தொடங்கினார்கள். பழைய பயணக் குறிப்புகளில் “பாலத்தைத் தாண்டினால் விடுதி” என்று இருந்தால், எந்தப் பாலம், இப்போது நடக்கலாமா என்று விடுதிக்காரரிடமே கேளுங்கள்.

5. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால்

தினமும் இருபது நிமிடம் தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். புதியவர்களுக்கு அங்கே முதலில் வலிப்பது முழங்காலும் கணுக்காலும்தான். தியானம், பாராயணம், சாப்பாடு எல்லாமே தரையில். நாற்காலியிலேயே பழகிய கால் முதல் நாளிலேயே மரத்துப்போகும்.

காபியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இது நம் ஊர்க்காரர்களுக்கென்றே சொல்வது. பல ஆசிரமங்களில் மூலிகைத் தேநீர்தான், டிகாஷன் கிடையாது. தினம் மூன்று டம்ளர் குடிக்கும் என் சித்தி முதல் இரண்டு நாளும் தலைவலியோடு வகுப்பில் படுத்தே இருந்தார், காரணம் புரியாமல் குளிர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நகர எல்லைக்குள் மதுவும் அசைவமும் இல்லை. ஆசிரமச் சாப்பாட்டில் வெங்காயமும் பூண்டும் இருக்காது. சப்பாத்தி, பருப்பு, காய், கொஞ்சம் சோறு. சோறில்லாமல் வயிறு நிறையாதவர்கள் ராஜ்மா சாவலையும் கிச்சடியையும் பழகிக்கொண்டால் வெளியே எங்கும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

எடுத்துப்போக வேண்டியதில் முதலாவது, முதுகில் மாட்டும் பை. சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம். சுவர்க்காசிரமத்தில் கடைசிக் கொஞ்ச தூரம் பாலத்திலும் சந்திலும் நடந்துதான் ஆக வேண்டும், அந்த நெரிசலில் பெட்டியை உருட்ட முடியாது. ஆதார் அட்டையின் அசல் எல்லா இடத்திலும் கேட்பார்கள். இலங்கை, மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் கடவுச்சீட்டையும் விசாவையும் கையில் வைத்திருங்கள். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் இடம் அதைப் பதிவு செய்தாக வேண்டும், எல்லாச் சிறு விடுதிகளும் அதற்குத் தயாராக இருக்காது.

ஆற்றுக்கு: சீக்கிரம் உலரும் பாலியஸ்டர் டீ சட்டை, அரைக்கால் அல்லது முழுக்கால் பேன்ட், பின்பக்கம் வார் உள்ள செருப்பு, கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணாடிக் கயிறு. ஜீன்ஸ் தண்ணீரில் கல்லாய்க் கனக்கும். சுடிதார் துப்பட்டா படகில் கூடவே கூடாது, எதிலாவது சிக்கிக்கொள்ளும்.

6. போய்ச் சேருவது

அருகிலுள்ள விமான நிலையம் டேராடூனின் ஜாலி கிராண்ட், ரிஷிகேஷிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். டெல்லியில் விமானம் மாறி அங்கே இறங்குவது வயதானவர்களுக்கு நல்லது.

ரயிலில் என்றால் ஹரித்வாரில் இறங்குவதுதான் வசதி. யோக் நகரி ரிஷிகேஷ் என்ற புது நிலையம் 2021-இல் திறந்திருக்கிறது, ஆனால் அங்கே வரும் ரயில்கள் குறைவு. புது டெல்லியிலிருந்து காலையில் கிளம்பும் டேராடூன் சதாப்தி நண்பகலுக்கு முன்னால் ஹரித்வாரில் சேர்க்கும். அங்கிருந்து ரிஷிகேஷ் ஒரு மணி நேரம் போல.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரண்டு இரவு ஓடி விடிகாலையில் டெல்லி சேரும். அதே காலையில் சதாப்தியைப் பிடித்துவிடலாம் என்று இரண்டையும் கோத்து முன்பதிவு செய்வார்கள். இடைவெளி மிகக் குறுகியது, கொஞ்சம் தாமதமானாலும் சதாப்தி போய்விடும். பிற்பகல் ரயிலுக்குப் போடுங்கள், அல்லது காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்திலிருந்து பேருந்தில் போங்கள்.

ரிஷிகேஷுக்குள் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடும் பெரிய ஆட்டோவுக்குப் பெயர் விக்ரம். தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். ஏறும் முன் “ஷேரிங்?” என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் ஏறினால் முழு வண்டியையும் நீங்கள் எடுத்ததாகக் கணக்குப் போடுவார்கள்.

7. முதல் நாள்: எதையும் தொடங்காதீர்கள்

அறையில் பையை வைத்துவிட்டு வகுப்பு நடக்கும் இடத்தை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். விடிகாலை இருட்டில் சந்துக்குள் வழி தேடுவது கஷ்டம்.

மாலையில் கங்கா ஆரத்தி. பர்மார்த் நிகேதன் படித்துறையில் பாட்டும் பஜனையுமாக நடக்கும், திரிவேணி படித்துறையில் ஊர்மக்கள் கூட்டம் அதிகம். சூரியன் மறையும் நேரத்தைப் பொறுத்துத் தினமும் கொஞ்சம் மாறும், அரை மணி முன்னால் போனால் படியில் உட்கார இடம் கிடைக்கும்.

குளிப்பதானால் சங்கிலி கட்டிய படித்துறையில் மட்டும், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு. வெள்ளை மணல் திட்டுகள் பார்க்கக் கடற்கரை போல இருக்கும், முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்கத் தோன்றும். இறங்காதீர்கள். மலையை விட்டு அப்போதுதான் வெளியே வரும் ஆறு அது, மணல் திடீரென்று சரியும், இழுப்பு மேலே தெரியாது. தெஹ்ரி போன்ற அணைகளிலிருந்து நீர் திறக்கும்போது மட்டமும் ஏறும். நீச்சல் தெரியும் என்பது அங்கே பாதுகாப்பு ஆகாது.

கையில் பழமோ பிஸ்கட்டோ தெரிய நடக்காதீர்கள். பாலத்துக் குரங்குகள் பிளாஸ்டிக் பைச் சத்தத்துக்கே வந்துவிடும்.

8. யோகா நாட்கள்

சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்பதால் விடிகாலை வகுப்பை எடுங்கள். முந்தின இரவு எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிட்டால் காலையில் வயிறு தொந்தரவு செய்யாது.

பழைய காயம், முதுகுத்தண்டுப் பிரச்சினை, ரத்த அழுத்தம், மாதவிலக்கு எதுவானாலும் வகுப்பு தொடங்கும் முன் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். நடுவில் சொன்னால் அவரால் உங்களுக்கென்று மாற்றிக் கொடுக்க நேரமிருக்காது. ஆசனப் பெயர்கள் சமஸ்கிருதத்தில் இருப்பதால் இந்தி தெரியாதது பெரிய தடையில்லை. “சான்ஸ் லோ” என்றால் மூச்சை இழு, “சான்ஸ் சோடோ” என்றால் விடு. இந்த இரண்டும் போதும், மற்றதைக் கண்ணால் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம்.

முதல் வகுப்பில் ஒரு வயதான ஆசிரியர் எங்களை முக்கால் மணி நேரம் வெறுமனே நிற்கவைத்தார். தாடாசனம், அவ்வளவுதான். ஒவ்வொருவர் முன்னாலும் வந்து குனிந்து, பாதத்தின் வெளி ஓரத்தை விரலால் தட்டி “இங்கே எடையே இல்லை” என்றார். எனக்கு வலது குதிகாலில் மட்டும்தான் எடை இருந்தது, அதுவரை தெரியாது. பக்கத்தில் நின்ற பையன் சலித்துப்போய் மறுநாள் வேறு பள்ளிக்கு மாறினான், அதற்கடுத்த நாள் இன்னொன்றுக்கு. நான்கு நாளில் நான்கு ஆசிரியர்களின் முதல் பாடத்தை மட்டும் கேட்டுவிட்டு ஊர் திரும்பினான். ஒரே ஆசிரியரிடம் இருங்கள். இரண்டாவது நாள்தான் அவர் உங்கள் உடம்பைப் பார்க்கத் தொடங்குவார், மூன்றாவது நாள்தான் உங்களுக்கென்று ஏதாவது சொல்வார்.

மூன்றாவது நாள் உடம்பு நன்றாக வலிக்கும். அன்று வகுப்பைத் தவறவிடாமல், பாதி அளவில் செய்யுங்கள். முழுதாக நிறுத்தினால் இறுக்கம் கூடும், முழு வேகத்தில் செய்தால் காயம் ஆகும்.

மதியங்களைக் காலியாக விடுங்கள். சௌராசி குடியா என்ற மகரிஷி மகேஷ் யோகியின் பழைய ஆசிரம வளாகத்துக்கு ஒரு மதியம் போகலாம். அது ராஜாஜி புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறைச் சீட்டு வாங்க வேண்டும்.

9. நடுவில் ஒரு மலைநாள்

யோகாவுக்கும் ஆற்றுக்கும் நடுவில் கால் நடக்கட்டும். தோளுக்கு ஓய்வு கிடைக்கும், மூச்சுக்கு வேலை கிடைக்கும்.

குஞ்சாபுரி தேவி கோயில் சூரிய உதயத்துக்கு நல்ல இடம், 1,600 மீட்டருக்கு மேல் உயரம். விடியும் முன் டாக்சியில் கிளம்ப வேண்டும், முந்தின நாளே பேசி வைத்துவிடுங்கள். மேலே காற்று வீசும், அக்டோபரிலும் ஸ்வெட்டர் தேவைப்படும். வானம் தெளிவாக இருந்தால் சௌகம்பா வரை பனிச்சிகரங்கள் தெரியும். திரும்பும்போது வண்டியை அனுப்பிவிட்டு ‘நீர்’ என்ற பெயருள்ள அருவி வழியாகத் தபோவனுக்கு நடந்தே இறங்கலாம். இறக்கம் முழங்காலைப் பதம் பார்க்கும், வழி பல இடங்களில் பிரியும், ஒரு உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள்.

நீலகண்ட மகாதேவர் கோயிலுக்குக் காட்டு வழியாகவும் நடக்கலாம். யானை நடமாடும் காடு என்பதால் விடிகாலையிலும் அந்தியிலும் தனியாகப் போகாதீர்கள்.

நடக்க முடியாதவர்கள் அன்றைக்குத் தேவப்பிரயாகைக்குப் போய்வரலாம், ஏறக்குறைய 70 கிலோமீட்டர். பாகீரதியும் அலக்நந்தாவும் கலந்து கங்கை என்ற பெயர் பெறும் இடம் அதுதான். பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் என்ற திவ்யதேசமும் அதுவே. மறுநாள் நீங்கள் படகில் இறங்கப்போகும் ஆற்றை மேலேயிருந்து முழுக்கப் பார்த்த மாதிரியும் ஆகும்.

10. ராஃப்டிங்

தூரம் எவ்வளவு என்று கேட்டுத்தான் பதிவு செய்வார்கள். ஆற்றில் கீழிறங்கி ரிஷிகேஷ் வரப் பிரம்மபுரியிலிருந்து 9 கிலோமீட்டர், சிவபுரியிலிருந்து 16, மெரைன் டிரைவிலிருந்து சுமார் 25, கௌடியாலாவிலிருந்து சுமார் 36. முதல்முறை என்றால் சிவபுரி. ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் போன்ற நல்ல அலைகள் அந்த வழியில் வருகின்றன, நடுவில் அமைதியான நீரும் நிறைய உண்டு. கௌடியாலாவிலிருந்து இறங்கினால்தான் ‘தி வால்’ என்ற, படகையே கவிழ்க்கக்கூடிய அலை வரும். முன் அனுபவம் இல்லாமல் அதற்குப் போக வேண்டாம். பயப்படுகிறவர்கள் பிரம்மபுரியில் தொடங்கட்டும். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்றுவதில்லை, வயதை மாற்றிச் சொல்லி ஏற்றிவிடாதீர்கள். லைஃப் ஜாக்கெட் அவர்கள் உடம்பில் நிற்காது.

பதிவு செய்யும்போது விலையைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியவை வேறு: சுற்றுலாத் துறை அனுமதி இருக்கிறதா, படகில் எத்தனை பேர், கூடவே பாதுகாப்புக்குக் கயாக் என்ற சிறு படகு வருகிறதா, வழிகாட்டிக்கு உரிமம் உண்டா. எட்டுப் பேருக்கு மேல் ஏற்றுகிற படகில் ஏறாதீர்கள். ஆள் கூடினால் வழிகாட்டி சொல்வது பின்னால் இருப்பவருக்குக் கேட்காது, எல்லோரும் சேர்ந்து துடுப்புப் போடவும் முடியாது. வீடியோவுக்குத் தனிக் கட்டணம், அதை ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

காலை முதல் முறைக்கே போங்கள். மதியத்தில் ஆற்றில் படகு நெரிசல், எதிர்க்காற்றும் எழும். கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் லேசாகச் சாப்பிடுங்கள். போன், பணம், நகை எதுவும் வேண்டாம். நிறுவனத்தாரின் நீர்புகாப் பையை முழுக்க நம்பிப் போனைத் தராதீர்கள்.

கரையில் ஜாக்கெட் மாட்டியதும் எல்லா வாரையும் இறுக்குங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரை இரண்டு தோள் பட்டையையும் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் மோவாய்க்கு மேலே ஏறினால் அது தளர்வு. தண்ணீரில் விழுந்தால் நீங்கள் கீழேயும் ஜாக்கெட் மேலேயும் இருப்பீர்கள். ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும், பின்னந்தலையில் தொங்கக் கூடாது.

படகில் உட்காருவது விளிம்பில், உள்ளே அல்ல. கால் விரல்களை முன்னால் இருக்கும் காற்றுக் குழாயின் அடியில் செருகிக்கொள்ள வேண்டும், அந்தக் கால்தான் உங்களைப் படகில் பிடித்து வைக்கிறது.

இனி துடுப்பு. அதன் மேல்முனையில் ‘டி’ வடிவில் ஒரு பிடி இருக்கும். ஒரு கை அந்தப் பிடியின் மேலே, கட்டைவிரல் அதன் அடியில் சுற்றி. எது நடந்தாலும் அந்தக் கையை எடுக்காதீர்கள். சிவபுரிப் பயணம் ஒன்றில் பெரிய அலை எழும்பியதும் எனக்கு முன்னால் இருந்த இளைஞர் பயந்து அந்தக் கையை விட்டுக் கயிற்றைப் பிடித்தார். விடுபட்ட பிடி சுழன்று பக்கத்தில் இருந்த பெண்ணின் மேலுதட்டில் அடித்தது. உதடு கிழிந்து முன்பல் நுனி உடைந்தது. வழிகாட்டி படகை மணல் ஓரம் ஒதுக்கி, தண்ணீர் ஊற்றித் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அழக்கூட இல்லை, உடைந்த பல்லை நாக்கால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் நான் யாரோடு போனாலும் கரையிலேயே அவர்கள் கையைப் பிடித்து அந்தப் பிடியில் வைத்துக் காட்டுகிறேன். ஆற்றில் நடக்கும் காயங்களில் நான் பார்த்தவை பாதிக்கு மேல் அலையால் அல்ல, துடுப்பால்.

‘ஃபார்வர்ட்’ என்றால் முன்னால் குனிந்து இழுங்கள். அலை வந்ததும் துடுப்பைத் தூக்கிவிட்டுக் கத்துவது இயல்பு, ஆனால் படகு நிலையாக இருப்பது துடுப்பு தண்ணீருக்குள் இருக்கும்போதுதான். ‘கெட் டவுன்’ என்றால் உடனே உள்ளே இறங்கிக் குந்துங்கள்.

விழுந்துவிட்டால் வரிசை இது. முதலில் படகைச் சுற்றியிருக்கும் கயிற்றைத் தேடிப் பிடியுங்கள். கைக்கு எட்டவில்லை என்றால் மல்லாந்து மிதந்து, கால்களை ஆறு போகும் திசையில் நீட்டி, விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரியும்படி வையுங்கள். பாறை வந்தால் காலால் உதைக்கலாம். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலவே கூடாது. பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் ஆறு உங்களை முகங்குப்புறத் தள்ளும், ஜாக்கெட் காப்பாற்றாது. மீட்புக் கயிற்றை ஒரு பையில் வைத்து வீசுவார்கள். கயிற்றைப் பிடியுங்கள், பையை அல்ல. கயிறு ஒரு தோளின் மேல் வர, முதுகு படகைப் பார்க்கத் திரும்பிக்கொள்ளுங்கள். அப்போதுதான் தண்ணீர் முகத்தில் ஏறாமல் இழுக்க முடியும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

வழியில் மேகி பாயிண்ட்டில் படகை நிறுத்துவார்கள். சூடான நூடுல்ஸ் சாப்பிடலாம், பாறையிலிருந்து குதிப்பவர்களை வேடிக்கை பார்க்கலாம். வழிகாட்டி இடம் காட்டாமல் நீங்களாகக் குதிக்காதீர்கள். அமைதியான நீரில் இறங்கி மிதக்கச் சொல்வார்கள், அதை மட்டும் தவறவிடாதீர்கள். படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தால் காதுக்குள் ஆற்றின் அடியில் கூழாங்கல் உருளும் சத்தம் கேட்கும்.

முடிந்ததும் ஈரத்துணியோடு தேநீர்க் கடையில் நின்று பேசிக்கொண்டிருக்காமல் உடனே மாற்றுங்கள். நடுக்கம் அப்போதுதான் தொடங்கும்.

11. பஞ்ஜி, வேண்டுமானால்

மோகன்சட்டியில் ஆற்றின் கிளைப் பள்ளத்தாக்கின் மேல் 83 மீட்டர் உயர நிலையான மேடை இருக்கிறது. அதை ஏன் கடைசியில் வைக்கச் சொல்கிறேன் என்றால், குதித்த பிறகு இரண்டு நாள் கழுத்தும் முதுகும் இறுகியிருக்கும். அதற்குப் பிறகு யோகாவும் துடுப்பும் வலிதான்.

எடையைப் பார்த்துத்தான் கயிறு தேர்ந்தெடுப்பார்கள், கையில் எழுதியும் விடுவார்கள். அந்த எண்ணை நீங்களும் ஒருமுறை சரிபாருங்கள். முதுகுத்தண்டு, இதயம், ரத்த அழுத்தம், விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் குதிக்கக் கூடாது. அதிக மைனஸ் பவர் கண்ணாடி போடுகிறவர்கள் ஊரிலேயே கண் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். நோயை மறைத்துப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மேடையின் நுனிக்குப் போய் வேண்டாம் என்று தோன்றினால் திரும்பிவிடலாம். பணம் திரும்ப வராமல் போகலாம், போகட்டும்.

12. திரும்பும் நாள்

ரிஷிகேஷிலிருந்து டெல்லி 240 கிலோமீட்டர் போல. வரைபடம் காட்டும் நேரத்தோடு குறைந்தது மூன்று மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். டெல்லியில் விமானம் என்றால் முந்தின நாளே போய்த் தங்குங்கள், அல்லது ஜாலி கிராண்டிலிருந்தே டிக்கெட் போடுங்கள்.

ஊரில் உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனை நகர எல்லையிலேயே இருக்கிறது. சிவபுரிக்கு மேலே பள்ளத்தாக்குக்குள் போன் சிக்னல் விட்டு விட்டு வரும் என்பதால், எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று விடுதியில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கிளம்பும் நாள் காலையிலும் வகுப்புக்குப் போங்கள். ஆசிரியரிடம் ஊருக்குப் போனால் தினமும் எதைச் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் மூன்று ஆசனங்களும் ஒரு மூச்சுப் பயிற்சியும் சொல்வார். அதை அங்கேயே ஒரு தாளில் எழுதி, அவர் முன்னால் ஒருமுறை செய்து காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.